தோல் கிடங்கு பாட்டு வீடான கதை

என் கண்ணு கன்னியப்பா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேரும்போது ஜபல்பூரில் குளிர் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். நைனாவுக்குக் கால்வலி மட்டுப்பட்டிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வசந்தி வந்திருந்தாள். தனியாகத்தான் வந்தாள். ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து, சதுரங்கப்பட்டினத்தில் வழி கேட்டுக் கேட்டு நம் பாட்டு வீட்டு வாசலிலேயே வந்து நின்றுவிட்டாள். மாசி மகத்தன்று மருமகளாகப் போகிற பெண் முன்னறிவிப்பில்லாமல் வந்து நிற்கிறாளே என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவசரமாக ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டேன். அவளோ டீயை மறந்துவிட்டு, எலி வளைக்குள் புகை ஊதுகிற ஓட்டைப் பானையைக் கையில் எடுத்து, இதில் எந்தப் பக்கம் வாய் வைக்க வேண்டும் என்று பொன்னி அத்தையிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். கிளம்புகிற நேரத்தில்தான் என்னிடம் கேட்டாள். "அத்தே, இந்த வீட்ட எப்படி ஆரம்பிச்சீங்க? அவரக் கேட்டா, எனக்கே சரியாத் தெரியாது, அப்ப நான் ஹாஸ்டல்ல இருந்தேன்னு சொல்றாரு." பஸ் வந்துவிட்டது. எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஆகவே இது உங்கள் இருவருக்குமான கடிதம். நீ படித்துவிட்டு அவளுக்கு அனுப்பி வை.

உனக்குத் தெரியாததில் உன் தப்பு ஒன்றும் இல்லை. படிக்கட்டும் என்று நாங்கள்தான் உன்னைச் செங்கல்பட்டு ஹாஸ்டலில் விட்டோம். லீவுக்கு வரும்போது கண்ணில் பட்டதைப் பார்த்தாய், காதில் விழுந்ததைக் கேட்டாய், அவ்வளவுதான். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வசந்தியின் அப்பாவைப் பார்க்கப் போன முதல் நாளே, யாரும் கேட்பதற்கு முன்னால், "நாங்க இருளருங்க" என்று நீயாகச் சொன்னாயாமே. வசந்தி சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார் என்றும், பிறகு காபி கொண்டுவரச் சொன்னார் என்றும் சொன்னாள். அந்தக் கொஞ்ச நேரத்தை நீ எப்படித் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று நினைத்துப் பார்த்தேன். உன்னைப் பெற்றதற்காக அன்றைக்கு நான் நம் குலசாமி கன்னியம்மாவுக்கு ஒரு சூடம் கூடுதலாக ஏற்றினேன்.

கதையைக் காதர் பாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீ சின்ன வயசில் அவரைப் பார்த்திருக்கிறாய். வெள்ளை லுங்கி, தோளில் பச்சைத் துண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடப்பார், ஏறவே மாட்டார். சதுரங்கப்பட்டினத்தில் பாம்புத் தோல் வாங்கி மெட்ராஸுக்கு அனுப்புகிற வியாபாரம். உன் நைனாவும் அவர் கூட்டாளிகளும் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் பிடிக்கிற சாரையும் நல்ல பாம்பும் உப்புத் தடவிக் காய்ந்த தோலாக அவரிடம்தான் போகும். பிறகு, பாம்பைக் கொல்லக் கூடாது, தோலை விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது. கொல்லும்போதெல்லாம் உன் நைனா கன்னியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார். அதனால் அந்தச் சட்டத்தில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. ஆனால் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி என்ன என்று சட்டம் சொல்லவில்லை. நான் பால்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு கொண்டுவந்ததில்தான் அப்போது வீடு நடந்தது. பாய்க்கும் அதே கதிதான். கிடங்கைப் பூட்டிவிட்டு, கடைத்தெருவில் கயிறும் மண்ணெண்ணெய் விளக்கும் விற்கத் தொடங்கினார். நம் ஆட்களை அவர் மறந்திருக்கலாம். வாங்குகிறவர் விற்கிறவர் என்ற உறவு முடிந்துபோயிற்று, அவ்வளவுதானே.

நாம் அப்போது ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்தோம். அதற்கு முன் வேறொரு ஏரிக்கரை, அதற்கும் முன் இன்னொன்று. யாராவது வந்து காலி செய்யச் சொன்னால் பானையையும் கடப்பாரையையும் தூக்கிக்கொண்டு நடப்போம். அந்த வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. ஏரி நிரம்பிக் கரை கசிந்து, ஒரு நாள் காலையில் தண்ணீர் குடிசைக்குள் அடுப்புவரை வந்துவிட்டது. கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு ரோட்டோரம் நின்றோம். செய்யூர்ப் பக்கத்திலிருந்து வந்த நம் ஜனங்கள் சில குடும்பமும் எங்களோடு நின்றார்கள். அவர்கள் யார், என்ன உறவு என்றுகூட எங்களுக்குத் தெரியாது. மாசி மகத்தில் சாமி கும்பிட எல்லோரும் கூடுகிற மாமல்லபுரம் கடற்கரையில் பார்த்த முகங்கள், அவ்வளவுதான். அப்போதுதான் பாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். உன் நைனாவைப் பார்த்து அவர் சொன்னது இதுதான். "சொக்கா, கெடங்கு காலியாத்தான் கீது. எலியும் பல்லியும் குந்திகினு கீதுங்க. புள்ளைங்கள இட்டுகினு வா."

அவருடைய மகன் ஜமாலுக்கு அது பிடிக்கவில்லை. கல்பாக்கத்தில் அணுமின் நிலைய வேலை மும்முரமாக நடந்த சமயம். கிடங்கைச் சிமெண்டு மூட்டை வைக்க வாடகைக்குக் கேட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இவர்கள் ஒரு தடவை உள்ளே வந்தால் வெளியே போக மாட்டார்கள் என்று அவன் எங்கள் காதுபடவே சொன்னான். பாய் பூட்டைத் திறந்தார்.

உள்ளே உப்பும் காய்ந்த தோலும் கலந்த வாடை. சுவரில் தோல் விரித்துக் காயவைத்த பலகைகள் அப்படியே சாய்ந்து கிடந்தன. எங்கள் கையால் செத்த உயிர்களெல்லாம் அங்கேதான் இருந்து போயிருக்கின்றன என்று தோன்றியதும் உள்ளே காலெடுத்து வைக்கப் பொன்னி அத்தை தயங்கினாள். உன் நைனாவுக்கு அக்கா, எங்கள் எல்லோரிலும் தைரியசாலி, அவளே தயங்கினாள். பிறகு மடியில் இருந்த சூடத்தை ஏற்றி வாசற்படியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு முதலில் அவள்தான் நுழைந்தாள். பின்னாலேயே நாங்களும் போனோம்.

மழை நிற்காத மத்தியானம் ஒன்றில்தான் அது நடந்தது. வேலைக்குப் போக முடியாது, வெளியே இறங்க முடியாது. குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. பொன்னி அத்தை ஒரு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கன்னியம்மா கோபித்துக்கொண்டு போன கதையைப் பாட ஆரம்பித்தாள். அண்ணன் தம்பிகள் சொன்ன ஒரு சொல் பொறுக்காமல், காட்டை விட்டு இறங்கி, ஏரி ஏரியாகத் தாண்டி, கடலுக்குள் அவள் நடந்து போய்விடுகிற கதை. நம் பக்கத்தில் பாட்டு அங்கேயே நின்றுவிடும். கடல் மூடிக்கொள்ளும், பாட்டும் முடிந்துவிடும். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அத்தை நிறுத்தியதும், கிடங்கின் அந்தக் கோடியிலிருந்து செய்யூர்க்காரப் பெண் ஒருத்தி அதே ராகத்தில் தொடர்ந்தாள். அண்ணன் தம்பிகள் பசி தாகம் பார்க்காமல் கடற்கரைக்கு வருகிறார்கள், மணலில் ஏழு படி கட்டுகிறார்கள், பூவும் வெல்லப் பொங்கலும் வைத்து "வந்துடு ஆத்தா" என்று அழைக்கிறார்கள், அவள் அலையோடு அலையாகத் திரும்பி வருகிறாள். ஒவ்வொரு மாசி மகத்திலும் நாம் ஏழு படி கட்டுகிறோமே, அது ஏன் என்று அந்தப் பாட்டில் இருந்தது. பொன்னி அத்தை மடியில் இருந்த குழந்தையைக் கீழே விட்டுவிட்டு எழுந்து அந்தப் பெண்ணிடம் போனாள். "எம்மே, இத்தன வருசமா அவ கடலுக்குள்ளயே கீறான்னு நெனச்சிகினு இருந்தன். திரும்பி வந்துட்டாளா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் வந்தது.

அன்றிலிருந்து மழை விடுகிறவரை அங்கே பாட்டுத்தான். ஈசல் பிடிக்கிற பாட்டு, தேன் எடுக்கிற பாட்டு, பெண் கேட்டு வரும்போது இரண்டு பக்கமும் கேலி செய்துகொள்கிற பாட்டு. ஒருவரிடம் தலை இருக்கும், இன்னொருவரிடம் வால் இருக்கும். சேர்த்துப் பார்த்தால் முழுசாகிவிடும். சோறு கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் பாயும் வாசலில் கவிழ்த்த ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து கேட்பார். மழை நின்று தண்ணீர் வடிந்தது. எல்லோரும் மூட்டை கட்டினோம். நான் கிடங்கைக் கூட்டிப் பெருக்கிச் சாவியை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "வச்சிக்கம்மா. நீங்க ஏரிக்கர ஏரிக்கரயா அலையறீங்க, ஒங்க பாட்டும் கூடவே அலையிது. அது குந்தறதுக்கு ஒரு எடம் வாணாமா?" என்றார். பாட்டு வீடு என்ற பெயர் பிறகு நாங்கள் வைத்தது. ஆனால் அது என்னவென்று எங்களுக்கு முதலில் சொன்னவர் அவர்தான். அதனால்தான் வசந்தி கேட்டபோது என்னால் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. ஆரம்பித்தது நாங்களா, பாயா, அந்தச் செய்யூர்க்காரப் பெண்ணா, மழையா?

சாவி கையில் இருந்ததே தவிர, முதலில் வீடு சோம்பிக் கிடந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மத்தியானத்தில் கூடுவது என்று பேச்சு. வந்தவர்கள் கொஞ்சம்தான். பழைய வாடை போகவில்லை என்று சிலர் சொன்னார்கள். பாட்டுப் பாடினால் உலை கொதிக்குமா என்று சிலர் கேட்டார்கள். அதிலும் நியாயம் இருந்தது. நானும் பொன்னி அத்தையும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். உன் நைனா தோல் பலகைகளைப் பிரித்து உட்காருகிற பெஞ்சு ஆக்கினார். ஒரு மூலையில் கன்னியம்மாவுக்கு விளக்கு. இன்னொரு மூலையில் ஓட்டைப் பானை, கடப்பாரை, பம்பை மேளம். அவ்வளவுதான் இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் அந்த அதிகாரி வந்தார். மாமல்லபுரத்துக்குப் பெரிய இடத்து விருந்தாளிகள் வருகிறார்கள், சுற்றுலா விழா ஒன்று நடக்கப் போகிறது, அதில் இருளர் ஆட்டம் வேண்டும் என்றார். எமர்ஜென்சி சமயம் அது. ஜீப் சத்தம் கேட்டாலே எல்லோரும் குடிசைக்குள் புகுந்துகொள்வோம். ஆனால் அவர் நல்ல மாதிரிதான் பேசினார். ஏரிக்கரைக் குடிசைகளைப் பார்த்தார். விழா நன்றாக நடந்தால் மனைப் பட்டாவுக்குத் தானே சிபாரிசு செய்வதாகச் சொன்னார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். ஆண்களும் பெண்களும் இலை தழை கட்டிக்கொண்டு வர வேண்டும். முகத்தில் கரி பூசிக்கொள்ள வேண்டும். கடைசியில் ஒரு பெண் சாமி வந்த மாதிரி ஆடிக் காட்ட வேண்டும். பொன்னி அத்தை மேல் மாசி மகத்தில் கன்னியம்மா வருவதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் போன பிறகு வீட்டுக்குள் பெரிய வாக்குவாதம். அன்றைக்குத்தான் வீடு நிறைந்திருந்தது, அதுவும் பட்டாவுக்காக. உன் நைனா ஒத்துக்கொள்ளலாம் என்றார். இலையைத்தானே கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள், கட்டிக்கொண்டு போய் இரண்டு குதி குதித்துவிட்டு வந்தால் பிள்ளைகள் இனி மழையில் நனையாமல் கிடக்குமே என்றார். எனக்கும் பாதி மனசு அப்படித்தான் இருந்தது. தலைக்கு மேல் சொந்தக் கூரை என்பது, கண்ணு, இல்லாதவர்களுக்குத்தான் தெரியும். எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு பொன்னி அத்தையைப் பார்த்தோம். அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"எல கட்றது பெரிசில்ல. நம்மளுது இல்லாதத நம்மளுதுன்னு காட்டணும், அதையும் பல்ல கடிச்சிகினு செய்யலாம். ஆனா சாமி வர்லன்னா நானு பொய்யா ஆடணும். நெசமா வந்துட்சின்னா, நாக்காலில குந்திகினு கீறவங்க முன்னால அவ ஆடணும். ரெண்டும் என்னால ஆவாது."

உன் நைனா எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து என்னிடம், "நீதான் படிச்சவ. நீ போயி சொல்லு" என்றார்.

நான் செங்கல்பட்டுக்குப் போனேன். வழி முழுக்க என்ன பேசுவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனதில், அலுவலக வாசலில் எல்லாம் மறந்துபோயிற்று. துணைக்கு வருகிறேன் என்று பாய் கூடவே வந்தார். வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். உள்ளே போய் அந்த அதிகாரியிடம் சொன்னேன். நாங்கள் வருகிறோம் ஐயா, எங்கள் புடவையையும் வேட்டியையும் கட்டிக்கொண்டு வருகிறோம், ஈசல் பாட்டுப் பாடுகிறோம், பெண் கேட்கிற பாட்டுப் பாடுகிறோம், எலி எப்படிப் பிடிப்பது என்று காட்டுகிறோம். இலை நாங்கள் என்றைக்கும் கட்டியதில்லை. சாமி கடற்கரைக்குத்தான் வரும், மேடைக்கு வராது. அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "புடவை கட்டிக்கிட்டு வந்தா உங்களுக்கும் மத்தவங்களுக்கும் என்னம்மா வித்தியாசம்? விருந்தாளிங்க என்னத்தப் பார்ப்பாங்க?" என்றார். எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "பாக்க வாணாம் சார். குந்தி கேக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் சிரிப்பு நின்றது. சரி, நீ போகலாம் என்றார். வெளியே வந்ததும் பாய் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். என்ன நடந்தது என்று அவர் கேட்கவே இல்லை. பஸ் ஏறும்வரை தன் கடையில் கயிறு விற்கிற கதையையே பேசிக்கொண்டு வந்தார். அந்தப் பேச்சு இல்லையென்றால் நான் வழியிலேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

பட்டாப் பேச்சு அதோடு நின்றது. நம் ஜனங்களில் பலருக்கு என்மேல் கோபம். வாய் பேசத் தெரிந்தவளை அனுப்பினால் இப்படித்தான் என்றார்கள். இரண்டு குடும்பம் எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டு வேறு ஏரிக்கரைக்குப் போய்விட்டார்கள். அந்த நாட்களில்தான் நீ லீவுக்கு வந்து, ஏன் யாரும் நம் வீட்டுப் பக்கம் வருவதில்லை என்று கேட்டாய். மழைக்காலம், அதனால்தான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

விழா நாளும் வந்தது. போகக் கூடாது என்று பேசிக்கொண்டோமே தவிர, சாயங்காலம் ஒவ்வொருவராக எல்லோரும் கிளம்பிவிட்டோம், எங்களோடு பேசாமல் இருந்தவர்கள்கூட. கூட்டத்துக்குப் பின்னால் சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தோம். மைக்கில் "இப்போது இருளர் பழங்குடி நடனம்" என்று அறிவித்தார்கள். யார் என்று எட்டிப் பார்த்தோம். ஏதோ நாடகக் கம்பெனி ஆட்கள். இடுப்பில் மாவிலை, தலையில் கோழி இறகு, முகமெல்லாம் கரி. கையில் ஈட்டி. ஹூ ஹூ என்று கத்திக்கொண்டு மேடையைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். முதலில் எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உன் நைனா சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பொன்னி அத்தை, "அந்த ஈட்டிய வச்சிகினு எலி வளைய எப்பிடிடா தோண்டுவ?" என்று கேட்க, சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தோம். பிறகு ஒரு பெண் முன்னால் வந்தாள். தலைமுடியை விரித்துப்போட்டுக்கொண்டு, கண்ணை உருட்டி, நாக்கைத் துருத்திக்கொண்டு சாமி ஆடினாள். முன்வரிசையில் கை தட்டினார்கள். எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாவம், அவளும் பிழைப்புக்கு வந்தவள். ஆனால் "இருளர், இருளர்" என்று மைக்கில் சொல்லச் சொல்ல, அந்தப் பெயர் எங்களை விட்டுவிட்டு வேறு எங்கேயோ போவது போல இருந்தது. கடற்கரையோடு நடந்தே திரும்பினோம்.

அடுத்த பௌர்ணமிக்கு நான் வழக்கம்போலப் போய்க் கதவைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில், வேறு ஏரிக்கரைக்குப் போன குடும்பத்துப் பெரியவர் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு உடுக்கை. அவர் தகப்பன் வைத்திருந்ததாம். உள்ளே வைத்துவிட்டு, "நம்மளுது இன்னான்னு நாமளே சொல்லாட்டி, அவன் சொல்றதுதான் நம்மளுதாப் பூடும்" என்றார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். ஈசல் வலை வந்தது, தேன் எடுக்கப் போகிற கொடிக்கயிறு வந்தது. விஷக்கடிக்கு மூலிகை அரைக்கிற கல்லை ஒருவர் தோளில் சுமந்துகொண்டு வந்தார். ஒன்றும் இல்லாதவர்கள் ஒரு பாட்டோடு வந்தார்கள். என்மேல் கோபப்பட்டவர்களே எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடினார்கள். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

பிறகுதான் வெளியாட்களும் வரட்டும் என்று முடிவு செய்தோம். ஒளித்து வைத்தால் மறுபடியும் மாவிலை கட்டிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. திருக்கழுக்குன்றத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். ஆஸ்பத்திரி நர்சுகள் வந்து, எந்தப் பாம்பு எப்படியிருக்கும் என்று உன் நைனாவிடம் கேட்டுக்கொண்டு போனார்கள். ஒரே ஒரு விதி வைத்தோம். வருகிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்க வேண்டும், போவதற்கு முன் அவர்கள் வீட்டுப் பாட்டு ஒன்றைப் பாட வேண்டும். வசந்திக்கும் விதிவிலக்கு இல்லை. வெட்கப்பட்டாள், பிறகு அவள் அம்மா ஆவணியில் கும்மியடிக்கும்போது பாடுகிற பாட்டைப் பாடினாள். நடுவில் ஒரு அடி மறந்துபோய் நின்றபோது பொன்னி அத்தை ஏதோ ஒன்றைச் சேர்த்து எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பைப் பார்த்தபோது, இந்தப் பெண்ணைப் பற்றி நான் இனிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று தெரிந்தது. கன்னியம்மாவை அழைக்கிற பாட்டு மட்டும் இந்த வீட்டில் பாடுவதில்லை. அது கடலோரத்தில், ஏழு படிக்கு முன்னால், விடியற்காலையில் மட்டும்தான். யார் கேட்டாலும் கிடையாது. அதை வசந்தி மாசி மகத்தன்று கேட்டுக்கொள்வாள்.

அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் ஒரு நாள் தானாகவே வந்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார், அவர் ஊர் ஏற்றப்பாட்டு ஒன்றையும் பாடிவிட்டுப் போனார். பட்டா வந்தது. எல்லோருக்கும் வரவில்லை, பாதிப் பேருக்குத்தான். மீதிப் பேருக்காக இன்னும் நடந்துகொண்டிருக்கிறோம். ஆனாலும் நம் கூரை நம்முடையது. நீயே பார்த்தாய்.

உனக்கு அறிவுரை சொல்ல வேண்டுமென்று உட்காரவில்லை. ஆனாலும் கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அம்மா ஏதாவது சொல்லத்தானே வேண்டும். நீ வேலை பார்க்கிற இடத்தில் உன்னைப் பார்த்துக் கேட்பார்கள். பாம்பு பிடிப்பாயா, எலி தின்பாயா என்பார்கள். தெரிந்துகொள்ளக் கேட்கிறவனா, வேடிக்கை பார்க்கக் கேட்கிறவனா என்று உனக்கே தெரிந்துவிடும். முதல் ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல். இரண்டாவது ஆளுக்காக நீ எந்த இலையையும் கட்டிக்கொள்ள வேண்டாம். வசந்தியிடமும் அப்படித்தான். அவள் நம் வீட்டுக்கு வருவதால் அவள் வீட்டுப் பாட்டை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. அவளிடம் தலை இருக்கும், உன்னிடம் வால் இருக்கும், எதையும் முழுசாகத் தெரிந்தவன் போல நடந்துகொள்ளாதே.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். காதர் பாய் போன ஆடியில் மௌத்தாகிவிட்டார். உனக்குத் தந்தி கொடுக்க நினைத்தோம், லீவு கிடைக்காது என்று நைனா தடுத்துவிட்டார். அடக்கத்துக்கு நம் ஆண்கள் எல்லோரும் போனார்கள். உள்ளே வரலாமோ கூடாதோ என்று மதில் ஓரமாக நின்றார்களாம். ஜமாலே வந்து உன் நைனாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போயிருக்கிறான். மற்றவர்களைப் போல இவரும் கைப்பிடி மண் அள்ளிப் போட்டார். வீட்டுக்கு வந்து அன்று முழுக்க அந்தக் கையைக் கழுவவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு பயம். இனிக் கிடங்கு ஜமாலுடையது. சிமெண்டுக்காரர்கள் இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். காலி செய்யச் சொன்னால் எதிர்த்துப் பேசக் கூடாது, அவன் அப்பா கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும் என்று நாங்களே தீர்மானித்து, சாமான்களை மூட்டை கட்டிக்கூட வைத்துவிட்டோம். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஜமால் வந்தான். செருப்பை வெளியே விட்டான். மூட்டைகளைப் பார்த்தான், எதற்கு என்று புரிந்துகொண்டான். நான் சாவியை எடுத்து நீட்டினேன். அவன் அதைப் பார்க்கவே இல்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்.

"எங்க அத்தா எங்க குந்துவாரு?"

உன் நைனா, பாய் உட்காருகிற வாசலோரத்துப் பெட்டியைக் காட்டினார். ஜமால் போய் அதன் மேல் உட்கார்ந்தான். மூட்டைகளைக் காட்டி, பிரியுங்கள் என்பது போலத் தலையை ஆட்டினான். பொன்னி அத்தை ஒரு மூட்டையைப் பிரித்துப் பம்பையை வெளியே எடுத்தாள். நான் மற்ற மூட்டைகளைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மா